தோளைத் தொடுகிறவர்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால், ஃப்ளோரிடா பயிற்சி முகாமில் வெர்ஜில் ஆஸ்ட்ராண்டருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். ஹெரான்ஸ் பேஸ்பால் அணியில் அவர் பந்து வீசும் பிட்சர்களுக்குத் துணைப் பயிற்சியாளர். கோடையில் அவரைச் சுற்றி எப்போதும் கலகலப்புதான். ஆனால் ஆட்டப் பருவம் தொடங்குவதற்குள் முகாமுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கழித்தாக வேண்டும். காலையில் உடை மாற்றும் அறைக்குள் போய், கழிபட்டவன் தோளைத் தொட்டு, "உன்ன உள்ள கூப்பிடுறாங்கப்பா" என்று சொல்கிற வேலையை யாரோ எப்போதோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கோடரி'. "கோடரி வருதுடா, குனிஞ்சுக்கோ" என்பார்கள். சிரிப்பார்கள், ஆனால் குனிந்தும் கொள்வார்கள்.

அவர் தோளையும் ஒருவர் ஒரு காலத்தில் தொட்டிருக்கிறார். ஒரே ஒரு கோடை பெரிய அணியில் பந்து வீசினார், அத்துடன் வீசும் கை கெட்டுப்போயிற்று. பிறகு டொலீடோவில் கூரை வேய்ந்து பிழைத்தார். நாற்பது வயதுக்கு மேல்தான் மறுபடி ஆட்டத்துக்குள் வர ஒரு வழி கிடைத்தது. கிடைத்ததை விடக்கூடாது என்று, அவர்கள் சொன்னதை எல்லாம் செய்தார்.

மார்ச்சிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள் ரெமி ஃபோண்டெனோ. லூசியானாக்காரன், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சர், முப்பத்துநாலு வயது. குத்துக்காலிட்டே முழங்கால் தேய்ந்தவன். சிறுநகரத்து அணிகளில் பேருந்து பேருந்தாக அலைந்ததுதான் அவன் ஆட்ட வாழ்க்கை. ஆனால் அந்த வருடம் அவன் மட்டைக்கு என்ன வந்ததோ, தொட்டதெல்லாம் பறந்தது.

"பெரிசு, ஒண்ணு கேக்கணும்" என்றான் ஒரு மத்தியானம், முட்டையின் மேல் மிளகாய்ச் சாற்றைக் கொட்டியபடி. "எங்க ஊரு ஹைஸ்கூல்ல கோச் வேலை காலியாயிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். வீட்டுக்காரி ஜாலீன் வந்துடுங்கிறா. இப்ப நான் அடிக்கிற அடிக்கு இங்க எனக்கு இடம் இல்லேன்னா வேற எவனுக்கு இருக்கும், நீங்களே சொல்லுங்க?"

வெர்ஜில் தட்டை ஒதுக்கி வைத்தார். முகாம் திறப்பதற்கு முன்பே நடந்த கூட்டத்தில் அவரும் ஒரு மூலையில் இருந்தார். அணியில் வைத்துக்கொள்ளும் இரண்டு கேட்சர்களில் இரண்டாவது யார் என்பது அன்றைக்கே முடிந்துபோன விஷயம். இன்னொரு பையன் இருந்தான், இளையவன். அவனுடைய ஒப்பந்தப்படி அவனைக் கீழணிக்கு, அதாவது சிறுநகரத்து அணிக்கு, அனுப்பினால் மறுநாளே வேறொரு அணி கொத்திக்கொண்டு போய்விடலாம். ரெமியை அனுப்பினால் எவனும் சீந்தமாட்டான். ஆகவே ரெமிதான் போகவேண்டும். அவன் எப்படி ஆடினாலும் அந்தக் கணக்கு மாறாது.

வெர்ஜில் நேராகப் பொது மேலாளர் கெஸ்லரின் அறைக்குப் போனார். கெஸ்லர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், எல்லோருடைய பிள்ளைகள் பெயரும் அவருக்குத் தெரியும்.

"அவனுக்கு ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. இப்பவே சொல்லிட்டா பொழச்சுப்பான்."

"வெர்ஜில், நீங்க சொல்றது ரொம்ப நியாயம். ஆனா அந்தப் பையனுக்கு நாளைக்குக் கால் சுளுக்கிச்சுன்னா? அதுவரைக்கும் ரெமி இங்க இருக்கணும்ல. எதுவும் முடிவாகலேன்னே வெச்சுக்குங்க."

"முடிவாயிடுச்சே."

"நாம இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே" என்று கெஸ்லர் புன்னகைத்தார்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் வெர்ஜில் ரெமியைப் பிடித்தார். "அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடுடா. இங்க உனக்கு இடமில்ல. நீ வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

ரெமியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "யாரு சொல்லச் சொன்னா? நான் விலகிக்கணும்னு அந்த இன்னொரு கேட்சர் பையனோட ஏஜெண்டா?"

"எனக்கு யாருடா சொல்லணும்? நான் அந்த ரூம்ல இருந்தேன்."

"இத்தனை நாளா கூட உக்காந்து தின்னீங்க, அப்ப வாயில என்ன இருந்துச்சு? கோடரின்னு சும்மாவா பேர் வெச்சாங்க!"

அவன் அங்கிருந்து நேராகக் கெஸ்லரிடம் போனான். "என்னைக் கழிச்சாச்சுன்னு வெர்ஜில் சொல்றாரு, நெசமா?" என்று கேட்டான். கெஸ்லர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படியே அடிச்சுட்டே இரு ரெமி, கதவு திறந்துதான் இருக்கு" என்றார். மனிதன் எதை நம்ப விரும்புகிறானோ அதைத்தானே நம்புவான். ரெமி பள்ளிக்கூடத்துக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டு இரண்டு ஹோம் ரன் அடித்தான். இரண்டாவதற்கு மைதானத்தைச் சுற்றி வரும்போது வெர்ஜில் இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தான். வெர்ஜில் கைதட்டினார், வேறென்ன செய்வார்.

அடுத்த வாரம் ரெமியின் தோளைத் தொடச் சொல்லி அவரைத்தான் அனுப்பினார்கள். அவன் காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். அவர் கை மேலே பட்டதும் முடிச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

கீழணியில் மே மாதத்துக்குள் ரெமியை முழங்கால் கைவிட்டது. இலையுதிர் காலத்தில் வெர்ஜிலின் ஒப்பந்தத்தையும் அணி புதுப்பிக்கவில்லை. உள்ளே பேசியது வெளியே போனது என்று யாரும் சொல்லவில்லை, புது ரத்தம் வேண்டும் என்று சொன்னார்கள். "போனா போகுது, இனி ஒரு பையன் சாபமும் உனக்கு வேண்டாம்" என்றாள் மனைவி மார்லீன்.

நவம்பரில் ஒருநாள் அவர் லூசியானாவுக்குப் போன் செய்தார். எடுத்தது ஜாலீன்.

"ரெமி பேசமாட்டாரு."

"பரவாயில்லம்மா. எப்படி இருக்கான்?"

"கடல்ல எண்ணெய்க் கிணத்துக்கு வேலைக்குப் போகப்போறாரு. அந்தக் கால வெச்சுக்கிட்டு." "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா சொல்லாமலே இருந்திருக்கலாம். தெரியாம ஏமாந்திருந்தா அணிக்காரங்களத் திட்டிட்டு எழுந்திருப்பாரு. இப்ப ராத்திரி பகல் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்காரு. நானும்தான், வாயில வந்தத சொல்லிட்டேன். நீங்க சொல்லியும் ஏன் கேக்கலேன்னு."

"சரிம்மா" என்று வெர்ஜில் போனை வைத்தார்.

அந்தக் குளிர்காலம் டொலீடோவில் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வருகிறவர்களுக்கு நிறம் கலந்து கொடுப்பார், அதிகம் பேசமாட்டார். ரெமியிடமிருந்து அவருக்கு எந்தச் சேதியும் வரவில்லை. அவரும் மறுபடி போன் செய்யவில்லை.