மேஜையில் விட்ட புத்தகங்கள்

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டருகே உள்ள நூலகத்தில் கன்னடப் புத்தகங்களுக்கு நடுவே தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. அதைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பெண் வந்தாள். தபால் வழியில் நூலக அறிவியல் படிக்கிறவள். கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். பேசும்போதும் அவள் விரல் புத்தகங்களை ஒரே மட்டத்துக்குத் தட்டிக்கொண்டிருக்கும்.

படித்து முடித்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். ஒருநாள் மறித்தாள்.

“அங்கிள், நீங்க உள்ள வெக்காதீங்க. மேஜைல கெடக்கறத எண்ணித்தான் எத்தன புக் படிச்சாங்கன்னு எழுதறோம். உங்க ஒழுங்கால தமிழுக்கு சைபர். இப்படியே போனா மார்ச்ல ரேக்க எடுத்துடுவாங்க. அப்புறம் எனக்கும் இங்க வேலை இல்ல.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் பத்துப் புத்தகங்களை மேஜையில் பரப்பினேன்.

“இதுல எத படிச்சீங்க?” என்றாள்.

“ரெண்டுதாம்மா. மத்தது உனக்காக.”

எட்டையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

“பொய்க் கணக்கு எழுதவா அங்கிள் இந்தப் படிப்பு படிக்கறேன்? வேணும்னா கொஞ்சம் வேகமா படிங்க.”

இப்போது மெல்லிய புத்தகங்களாகப் பார்த்து நாளுக்கு மூன்று முடிக்கிறேன். கண் எரிகிறது. மார்ச் நெருங்குகிறது. தன் வேலையே போகிற நிலையில் அந்த எட்டையும் திருப்பி வைக்க அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.