திரும்பி வராத கிளாஸ்

இலோய்லோ ஊரில் கல்லூரி வாசலுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் மானாங் செபா. மானாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா. பதினெட்டு வருடமாக அங்கே நான் பாத்திரம் கழுவுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசைக்கும் சேர்ந்தே போவோம். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பசியோடு வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

சாயங்காலம் மாணவர்கள் ரம் பாட்டிலோடு வந்து எங்களிடம் கிளாஸ் இரவல் கேட்பார்கள். பத்துப் பேரானாலும் கிளாஸ் ஒன்றுதான். ஒருவன் ஊற்றிக் கொடுக்க, அது வட்டமாகச் சுற்றி வரும். மறுநாள் திரும்பிவிடும்.

போன ஜூலையில் நர்சிங் டீச்சர் வில்யாருஸ், மாணவர்கள் பதில் எழுதிக்கொடுத்த ஒரு கட்டுத் தாளோடு வந்தார். குடியால் கெட்டுப்போகக்கூடிய பிள்ளைகளை முன்பே இனம் பிரித்து உதவ வேண்டுமாம். கடைசியாகக் குடித்தபோது எத்தனை கிளாஸ் குடித்தாய் என்று கேட்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் 'ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

மானாங் சிரித்துவிட்டார். "பசங்க பொய் சொல்லல டீச்சர். கிளாஸ் ஒண்ணுதான். அது எத்தனை சுத்து வந்துச்சுன்னு நீங்க கேக்கலையே."

டீச்சர் தட்டைத் தள்ளிவைத்தார். யாரைத்தான் தேடுவது என்று கேட்டார். பாடிக்கொண்டு, மீன் வறுவலைக் காலி செய்கிறவர்கள் ஒரு ரகம், அவர்களால் பயமில்லை என்றார் மானாங். தன் முறை வந்தால் மறுக்கத் தெரியாமல் விழுங்கி வாந்தியெடுக்கும் முதல் வருடப் பிள்ளைகள் இன்னொரு ரகம். அப்புறம்... என்றவர் கிளாஸ் அடுக்கைப் பார்த்து நின்றுவிட்டார்.

ஒன்று குறைந்தது. பத்து நாள் முன்பு ரெனான்டே தனியாக வந்து வாங்கிப்போனது. கப்பல் படிப்புப் படிக்கிறவன். டீச்சர் அவன் தாளைத் தேடி எடுத்தார். அதிலும் 'ஒன்று'தான்.

மானாங் தூக்கில் கோழிக்கஞ்சி ஊற்றிக்கொண்டு உச்சி வெயிலில் அவன் விடுதிக்கு நடந்தார். நான் கடையில் ஈரக்கையோடு ஜெபமாலை உருட்டினேன். திரும்பி வந்துதான் மானாங் விஷயத்தைச் சொன்னார். கண் பரிசோதனையில் அவனுக்கு நிறம் பிரித்துப் பார்க்க வரவில்லையாம். கப்பல் வேலை கிடையாது என்றாகிவிட்டது. வீட்டுக்குச் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் காலி பாட்டில்கள். மானாங் திட்டவில்லை, கஞ்சியை அவன் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாராம்.

"தோத்தோ, தம்பி, என் கிளாஸ நாளைக்கு நீயே கொண்டு வா. டீச்சரும் சாப்பிட வருவாங்க" என்று மட்டும் சொல்லி எழுந்தாராம்.

மறுநாள் மத்தியானம் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி தாண்டி வந்தான். கிளாஸைக் கழுவித் துடைத்திருந்தான். மானாங் அதில் சூடாக சூப் ஊற்றி, டீச்சர் இருந்த மேசையில் கொண்டுபோய் வைத்தார். சற்று நின்று பார்த்துவிட்டு, அவன் அங்கே போய் உட்கார்ந்தான்.