தண்ணீர் குடித்த பொடி

வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. அங்கே கம்ப்ரஸர் இல்லாமல், வெந்நீரின் சூட்டை வைத்தே அறையைக் குளிர வைக்கும் இயந்திரம் செய்கிறேன். அதற்குள் ஒரு அலுமினியப் பெட்டி. பெட்டி முழுக்க நெருக்கமான தகடுகள், தகடுகளின் இடுக்கெல்லாம் சிலிக்கா ஜெல் பொடி. புதுச் செருப்பு வாங்கினால் பெட்டியில் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதேதான். ஈரத்தைக் கண்டால் விடாது. பொடி தகட்டை ஒட்டி நிறைந்தால் இயந்திரம் குளிரும், இடையில் காலியிடம் விழுந்தால் குளிராது. மேலே கம்பி வலை போட்டு மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செய்கிற எனக்கும்தான். அதனால் என் இயந்திரங்கள் ஏனோதானோ என்றுதான் குளிர்ந்தன.

என் கணவர் நிலக்கரி மைன்ஸில், கரி ஓடும் கன்வேயர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தபின் மனிதர் பாதியாகிவிட்டார். ஷிப்ட் நேரத்துக்கு எழுவார், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்று, போகிற பஸ்ஸைப் பார்ப்பார். பார்க்கச் சகிக்காமல்தான் பொடி நிரப்பும் வேலையை அவரிடம் கொடுத்தேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினால், நிரப்பி முடித்த பெட்டியின் மேல் ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். மைன்ஸில் தூசி பறந்தால் தண்ணீர் அடிப்பார்கள். நிலக்கரிக்கு அது சரி. இங்கேயும் பொடி பறந்ததும் கை தானாகப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இதற்குத் தண்ணீரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினேன்.

அவர் ஸ்பிரேயரை ஓரமாக வைத்தார்.

"வெள்ளையா பறந்துகினு இருந்துச்சு, அதான் அடிச்சேன். நாளையிலேர்ந்து நான் வரலம்மா. எனக்கு இது சரிப்படாது."

கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. மறுபடியும் கேட்டருகே போய் நின்றுவிடுவார். பொடியைக் கொட்டிவிடலாம் என்று பெட்டிக்கு அடியில் கை கொடுத்தேன். சுட்டது. ஈரம் குடித்தால் இந்தப் பொடி சூடாகும், அது தெரிந்த விஷயம். ஆனால் ஒரு மூலை மட்டும் சூடேறவே இல்லை. கையை நகர்த்தினேன். நடுவிலும் ஒரு திட்டு அப்படித்தான் இருந்தது. பொடி இல்லாத இடம் எப்படிச் சூடாகும்?

"ஏங்க, இங்க கை வச்சுப் பாருங்க."

வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"இங்க பொடி எறங்கவே இல்லியே" என்றார்.

வலையைப் பிரித்துப் பார்த்தோம். மேலே பொடி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க, கீழே காலி. அதன் பிறகு முறையை மாற்றினோம். மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பெட்டியைச் சாய்த்து, ரப்பர் சுத்தியலால் பக்கங்களைத் தட்டுகிறோம். மூடியதும் ஃபேன் வைத்து ஈரக்காற்றை உள்ளே விடுகிறோம். அவர் அடியில் உள்ளங்கையை வைத்து இடம் இடமாகத் தடவிப் பார்ப்பார். சரியென்று அவர் சொன்ன பிறகுதான் பெட்டியைச் சூடாக்கி ஈரத்தை விரட்டுவோம்.

போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. பழைய ஷிப்ட் நண்பர், வெட்டிப் பேச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறார். இவர் பெட்டியிலிருந்து ஒரு கையை எடுக்காமலே போனைக் காதில் வைத்தார்.

"டூட்டில இருக்கேங்க. அப்பறம் பேசுறேன்."

 போனை வைத்துவிட்டு அடுத்த மூலைக்குக் கையை நகர்த்தினார்.