சக்கரவர்த்தி கடைசியில் நடந்தார்

நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் சாமை பயிரிட்டுவந்த சக்கரவர்த்தி, உள்ளூர்ப் பள்ளியின் சாரணர் படையைச் சம்பளமில்லாமல் ஆறு வருஷமாக நடத்திவந்தார். 1979இல் அவரைப் போன்ற சாரணர் தலைவர்களுக்கு யோசனை சொல்ல, மலையடிவாரச் சமவெளியான கீழ்நாட்டிலிருந்து ராஜேந்திரன் என்ற பயிற்சியாளர் வந்தார். கஞ்சி போட்ட அரைக்கால்சட்டை, கழுத்தில் விசில்.

"தலைவன்னா முன்னால நடக்கணும்" என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, படையோடு மலையேறினார்.

மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் ஒரு பையனுக்கு முள் குத்தியது. மூன்று பேர் அவனுக்காக நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த சக்கரவர்த்தி முள்ளை எடுத்துவிட்டு, நால்வரையும் மெதுவாக மேலே கூட்டிவந்தார்.

"இவங்க எங்க போனாங்க?" என்று உச்சியில் ராஜேந்திரன் அதட்டினார்.

"இன்னா சார், கூட்டியாந்தது நீங்க, கேக்கறது என்னையா? தலைவன் கடைசில வரணுங்க. நொண்டறவன் அங்கதான் இருப்பான்."

ராஜேந்திரனுக்கு முகம் சிவந்தது. இறங்கும்போதும் விறைப்பாக முன்னால் போய், தப்பான பாதையில் திரும்பினார். சக்கரவர்த்தி பிள்ளைகளைச் சரியான வழியில் இறக்கிவிட்டு, ஒரு பீடியையும் நிதானமாகக் குடித்து முடித்த பிறகுதான் அவரைத் தேடிப் போனார்.