சபாபதியரின் சப்பாத்துக்குள் தம்பிரான்

உலகத்து நஞ்சுப் பாம்புகளில் நீளமானது எது, பாரமானது எது, ஒரே கடியில் நூறு பேரைச் சாய்க்கக்கூடியது எது என்று யாருக்காவது அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தால், அவர் புளியங்கூடலுக்கு வந்து சதீசனின் தேத்தண்ணிக் கடையடியில் இறங்கினால் போதும். வாய் திறந்து கேட்கவும் தேவையில்லை. இரத்தினசபாபதி அங்கே இருப்பார். தேத்தண்ணியில் சீனி கரைவதற்குள் தொடங்கிவிடுவார்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். முகத்துக்கு முன்னால் ஊர் அவரைச் சபாபதியர் என்னும். அந்தப் பக்கம் திரும்பினால் அவர் வெறும் 'சுதன்ரை தேப்பன்'. மகன் சுதன் அவுஸ்திரேலியாவுக்குப் போய், வீட்டுக்கு மாபிள் பதித்து, மதிலுக்குச் சிங்கம் வைத்த பிறகு வந்த பட்டம் அது. தபால்காரனும் அப்படித்தான் சொன்னான். முப்பது வருசம் கோவைகளுக்கு முன்னால் குனிந்திருந்த மனிதருக்கு, தான் பெற்ற பிள்ளையே தனக்கு விலாசமாகிப் போனது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது. தனக்கென்று ஒரு பேர் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தப் பேரைப் பாம்பு கொடுத்தது.

மகனிடம் போய் மூன்று மாதம் நின்றபோது, சுதன் அவரை ஒரு மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப்போனான். அங்கே தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ரைப்பன் என்ற பாம்பு படுத்திருந்தது. உலகத்திலேயே கொடிய நஞ்சு அதனுடையதுதான் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பாம்பு நித்திரை. சபாபதியர் அங்கே நின்றது கொஞ்ச நேரம்தான், அதுவும் மருமகளின் தோளைப் பிடித்தபடி. ஊருக்கு வந்த முதல் மாதம் அவர் கதையில் கண்ணாடி இருந்தது. அடுத்த மாதம் கண்ணாடியைக் காணவில்லை. மாரி மழை தொடங்கியபோது ரைப்பன் தலையைத் தூக்கி அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, 'இந்த ஆளோடு ஏன் சோலி' என்று விலகிப் போயிருந்தது.

"ரைப்பன் எண்டா லேசுப்பட்ட சாமான் இல்லை, சதீசன். ஒரு கடி, நூறு பேர் சரி."

"நூறு பேரையும் வரிசையில விட்டோ அண்ணை கடிக்கும்?"

"நஞ்சின்ரை கணக்கைச் சொல்லுறன் காணும்! இராசநாகம் இருக்கே, பதினெட்டு அடி. நிமிந்து நிண்டா உம்மடை முகத்தைப் பார்க்கும். ஆபிரிக்காவில கறுப்பு மாம்பா, வாயைத் திறந்தா உள்ளுக்குத் தார் பூசின மாதிரி. கபூன் விரியனுக்குப் பல்லு மட்டும் ரெண்டு அங்குலம்."

"அப்ப எங்கடை சுருட்டை?"

"சுருட்டையோ? நீட்டிப் பிடிச்சா ஒரு முழம் வராது. அதைப் பாம்பெண்டு சொல்ல உமக்கு வெக்கமா இல்லையோ?"

கடையில் இருந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். உலகமெல்லாம் இராசநாகமும் மாம்பாவும் நெளிய, தங்கள் வேலிக்குள் இந்தச் சின்னச் சாமான் கிடப்பது ஊருக்கே ஒரு குறைவாகத்தான் பட்டது.

உண்மையில், உலகத்தில் கனபேரைக் கொன்று தள்ளுவது இந்தச் சுருட்டைச் சாதிதான் என்று யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னதைச் சபாபதியர் கேட்டிருந்தார். அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. அந்த ஒளிப்பதிவை முழுதாகப் பார்க்கவும் இல்லை. பாம்பு சுருண்டு, உடம்போடு உடம்பைத் தேய்த்து, ஒரு சத்தம் எழுப்பியது. அவ்வளவில் போனைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டார். மனைவி சிவயோகம் குசினியிலிருந்து ஓடிவந்தார். "என்னப்பா, தாச்சியில ஏதோ பொரியுற மாதிரிக் கேட்டுது? நான் அடுப்பை நூத்திட்டனே!"

சிவயோகத்துக்கு மட்டும் தெரிந்த இரகசியம் ஒன்று உண்டு. அவர் மனிசனுக்குப் பாம்பென்றால் குலைநடுக்கம். பாம்புப் படம் பார்க்கும்போதே இரண்டு காலையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்திருப்பார். கிணற்றடிக்குப் போவதென்றால் சிவயோகம் முன்னால் நிலத்தை உதைத்து நடக்க வேண்டும். அவர் பின்னால் செருமிக்கொண்டு வருவார். பயம் முற்றி ஆராய்ச்சியாகிவிட்ட மனிதர்.

அந்தப் பயத்துக்குத்தான் சுதன் சப்பாத்து அனுப்பினான். முழங்கால் வரை வரும் தோல் சப்பாத்து. எந்தப் பாம்பின் பல்லும் இறங்காதாம். வேட்டியை மடித்துக் கட்டி, கீழே அந்தச் சப்பாத்தோடு சபாபதியர் நடந்தால், மேலே புளியங்கூடலும் கீழே பிறிஸ்பேனுமாக இருக்கும். "ஆராய்ச்சியாளர் எல்லாரும் இதுதான் போடுறவை" என்றார். ஆராயப் போனது சதீசன் கடை மட்டும்தான்.

இப்படி இருக்கையில், ஊருக்கு வெளியே பனங்கூடலுக்குள் இருந்த சிறிய நாகதம்பிரான் கோயிலுக்குப் புதிய நிர்வாகசபை தெரிவு செய்யும் நாள் வந்தது. மூன்று முறை தலைவராக இருந்த இராசநாயகத்துக்கு ஒரு லொறியும், அதைவிடப் பெரிய குரலும் உண்டு. திருவிழாவில் முதல் காளாஞ்சி, அந்த வெற்றிலை பாக்குத் தட்டு மரியாதை, தலைவருக்கு. ஒலிபெருக்கியில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யாருடைய தகப்பன் என்றும் சொல்லமாட்டார்கள். சபாபதியருக்கு அது வேண்டும்.

"பாம்புக் கோயிலுக்குப் பாம்பைப் படிச்ச ஆள் தலைவரா வாறதுதானே முறை?" என்று வீடு வீடாகக் கேட்டார். ஊருக்கு அது ஞாயமாகப் பட்டது.

"தம்பிரானை யூரியூப்பில கும்பிட ஏலாது" என்று இராசநாயகம் சொன்னார். அதுவும் ஞாயமாகப் பட்டது. எங்கள் ஊர் யாருக்கும் இல்லை என்று சொல்லாத ஊர்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து கூட்டம் தொடங்கியது. லண்டன் கிளையும் கலந்துகொண்டது. அதாவது, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சாத்தி வைத்த போனுக்குள் கம்பளித் தொப்பி போட்ட ஒரு முகம். வெளிவீதியில் செருப்புகள் தட்டையாகக் குவிந்து கிடந்தன. தோல் என்பதால் சபாபதியரின் சப்பாத்து மட்டும் தள்ளி, பூவரச மரத்தடியில், இரண்டு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. மணல் சுடத் தொடங்கியிருந்தது. அந்த வீதி முழுவதிலும் ஒரு பாம்பு ஒளிய நிழலான பொந்து அவை இரண்டும்தான்.

'தலைவர் தெரிவு' என்று வாசித்த நேரம், வெற்றிலை துப்ப வெளியே போனவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "தம்பிரான் வந்திட்டார்! சபாபதியரின்ரை சப்பாத்துக்குள்ள இருந்து சீறுறார்!"

கூட்டம் கலைந்து பூவரசடிக்கு ஓடியது. வலது சப்பாத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதையும் இல்லை. அந்தக் கோயில் வளவுக்குள் ஊர்வது எதுவானாலும் நாகம், நாகமென்றால் தம்பிரான். வளவுக்கு வெளியே நாகத்துக்குப் பால், மற்றதுகளுக்குப் பனைமட்டை. உள்ளே பனைமட்டைக்கு வேலை இல்லை.

மாலை கட்டும் கஜாலினி சப்பாத்தின் முன் நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். அலரிப் பூக்கள் பறந்து வந்து சப்பாத்துக்குள் விழுந்தன. கஜமுகக் குருக்கள் ஒரு கணம் தயங்கினார், தோல் அல்லவா? பிறகு, "வெளிவீதிதானே, தோசமில்லை" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். லண்டன் கிளையைக் கதிரையோடு தூக்கிவந்து முன்னால் வைத்தார்கள். "சப்பாத்தைக் கிட்டக் காட்டுங்கோ, நாங்களும் கும்பிடவேணும்" என்றது லண்டன்.

"பாத்தியளே" என்றார் ஒருவர். "அங்காலை இராசநாயகத்தாரின்ரை செருப்பும் கிடந்தது. தம்பிரான் திரும்பியும் பார்க்கேல்லை. சபாபதியரைத்தான் தேடி வந்திருக்கிறார்."

"அந்தத் தேஞ்ச செருப்புக்குள்ள தம்பிரான் எங்கை அண்ணை இருக்கிறது?" என்றான் சதீசன். யாரும் காதில் விழுத்தவில்லை.

"இனி என்ன தெரிவு? தலைவர் வாங்கோ, முன்னுக்கு வாங்கோ."

சபாபதியர் முன்னுக்கு வந்தார். தலைவர்! சுதன் என்ற பேர் யார் வாயிலும் இல்லை. காது குளிர்ந்தது. அந்தக் குளிர்ந்த காதில்தான் சத்தமும் விழுந்தது. நாகம் சீறினால் மூச்சு விடுவதற்காவது நிறுத்தும். இது நிற்கவில்லை. சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி, விடாமல் பொரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும் தெரிந்தது.

பேசாமல் இருப்போம் என்று நினைத்தார். வெயில் சாய அது தன் பாட்டில் போய்விடும். யாருக்கும் நட்டமில்லை. இத்தனை நாள் காணாத பாம்புகளையெல்லாம் கண்டதாகச் சொன்ன வாய், கண்ணெதிரே இருப்பதை ஒருமுறை சொல்லாமல் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?

ஆனால் இராசநாயகம் விடுகிற ஆள் இல்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு குருக்களிடமிருந்து பால்செம்பைப் பறித்தார். "எல்லாரும் கேளுங்கோ! நான் என்ரை கையால உள்ளுக்குப் பால் வாக்கிறன். தம்பிரான் அமைதியாகினால் நான் தலைவர். இல்லாட்டி உவர்." சப்பாத்தின் முன் முழங்காலிட்டார். ஒரு கையால் அதன் விளிம்பை விரித்து, மற்றக் கையைச் செம்போடு வாய்க்குள் இறக்கினார்.

சபாபதியர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றுமே செய்யாமல் நின்றால் போதும். பதவியும் வரும், எதிராளியும் தொலைவான். முப்பது வருசக் கந்தோர் சேவையில் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு அவருக்கு நல்ல பயிற்சியும் இருந்தது.

"கையை எடும் ஐசே!" என்று யாரோ கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது. "அது நாகமில்லை. சுருட்டை!"

சனம் இரண்டு அடி பின்னால் போனது.

"கோயில் வீதியில நிண்டு தம்பிரானைச் சுருட்டை எண்டுறீரோ?" இராசநாயகம் திரும்பிப் பார்த்தார். "விளங்குதே சனங்கள்? என்ரை கையால குடிச்சிடுவார் எண்டு பொறாமை!" கை இன்னும் கீழே இறங்கியது.

சபாபதியர் பாய்ந்து அவர் இடுப்புச் சால்வையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். லொறிக்கார உடம்பு மல்லாக்க விழுந்தது. பால் பாதி சப்பாத்துக்குள்ளும் பாதி முகத்திலும் கொட்டியது. கால் பட்டுச் சப்பாத்துச் சரிந்தது. அதற்குள்ளிருந்து, ஒரு முழமும் வராத, மணல் நிறச் சுருட்டை ஒன்று வந்தது. வளைந்து சுருண்டு, ஒருமுறை பொரிந்து காட்டிவிட்டு, பக்கவாட்டில் வழுக்கி வடலி ஓலைகளுக்குள் போய் மறைந்தது. கற்பூரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சனம் அவரைத் தேடியபோது சபாபதியர் பிளாஸ்ரிக் கதிரைக்கு மேல் நின்றார். லண்டன் கிளை மணலில் குப்புறக் கிடந்து, "என்ன நடந்தது? தம்பிரான் குடிச்சவரோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கை தூக்கித் தெரிவு நடந்தது. இராசநாயகம் நாலாம் முறையும் தலைவரானார். அதற்கு ஊரிடம் காரணங்கள் இருந்தன. கோயில் வீதியில் ஒரு பெரிய மனிசனின் சால்வையில் பிடித்து இழுக்கலாமா? பதினெட்டு அடிப் பாம்பு கதைத்த ஆள் ஒரு முழப் பாம்புக்குக் கதிரையில் ஏறலாமா? கஜாலினி இன்னும் ஆழமாக யோசித்திருந்தாள். உள்ளே இருந்தது நாகம்தான். சபாபதியர் பழித்ததால் கோபித்துச் சுருட்டையாக வெளியே போய்விட்டார்.

பால் காயாத முகத்தோடு இராசநாயகம் நன்றியுரை சொன்னார். தன்னைக் காப்பாற்றிய தம்பிரானுக்கு நன்றி என்றார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. புதிய சபையின் முதல் தீர்மானம், இனிமேல் வெளிவீதிக்கு முழங்கால் சப்பாத்துக் கொண்டுவரக்கூடாது என்பது. அது ஏகமனதாக நிறைவேறியது. சபாபதியர் இரண்டு கையையும் தூக்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிவயோகம் முன்னால் நிலத்தை உதைத்து நடந்தார். சபாபதியர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு பின்னால் வந்தார். சுடுமணலில் ஒவ்வொரு அடியும் துள்ளி விழுந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார் சிவயோகம், திரும்பாமலே. "பேசாமல் நிண்டிருந்தா இப்ப நீங்கள் தலைவர்."

"ஓம்."

"பிறகென்னத்துக்குக் கத்தினனீங்கள்?"

சபாபதியர் சப்பாத்தை மற்றக் கைக்கு மாற்றினார். "அவன் கையை உள்ளுக்கு விட்டிட்டானப்பா" என்றார். கடைக்குக் கொண்டுபோகக்கூடிய பதில் அல்ல அது.

ஒழுங்கை முகப்பில் நின்று சப்பாத்தைக் கவிழ்த்து உதறினார். ஏற்கெனவே இரண்டு முறை உதறியதுதான். இம்முறை அடியிலிருந்து ஒரு அலரிப் பூ, பாலில் நனைந்து கசங்கியபடி மணலில் விழுந்தது. சபாபதியர் துள்ளிப் பின்னால் பாய்ந்தார். சிவயோகம் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நடந்தார்.