அப்பாவுக்கு இரண்டு கிளாஸ் டீ

குழந்தை பிறந்த பிறகும் என் உடம்பில் சர்க்கரை முழுதாக இறங்கவில்லை. இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை என்றார் கிளினிக் டாக்டர். இப்போதே சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால் இனிப்பு நீர் வராமல் தள்ளிப்போடலாம் என்றார். அப்பாவுக்கு அது வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்தே பத்தியம் இருந்தோம்.

எனக்குச் செண்டாயானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. காலையில் மகளைக் கோலா சாவா பக்கத்துத் தோட்ட வீட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அப்பா வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருப்பார். அடுப்படி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சர்க்கரை பார்க்க விரலைக் குத்திக்கொள்வோம்.

"இன்னிக்கு யாரு பெயிலு? நீயா நானா?"

"நீங்கதான்பா. நேத்து என்னா சாப்பிட்டீங்க?"

"ஒன்னும் இல்லலா. மிஷின்ல பேட்டரி போயிருக்கும்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வார்: "பேட்டரியும் இல்ல ஒன்னும் இல்ல. மோட்டார்ல ஏறி டீக்கடைக்குப் போனாரு."

அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். வேலியோரம் வளர்ந்த ஹெம்பெடு பூமி இலையை, அதுதான் நிலவேம்பு, மென்று விழுங்கிவிட்டால் அந்த அளவுக்கு இனிப்பும் சாப்பிட்டுக்கொள்ளலாம். "கசப்பு முன்னாடியே உள்ள போயி உக்காந்துக்கும்லா. இனிப்பு வந்தா அது பாத்துக்கும்." இலையை மென்று முகத்தைச் சுளித்த கையோடு கடைக்குப் போய், இனிப்பான டின் பால் ஊற்றிய டீயைக் குடித்துவிட்டு வருவார். நான் வாங்கி வைத்த பட்டை மாத்திரையும் பாகற்காய் மாத்திரையும் அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டன. மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டால் டீயும் ஒன்று கூடும்.

எனக்குப் பயம் வந்தது. எல்லா டப்பாக்களையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இவற்றை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிடாதீர்கள், சோற்றையும் சீனியையும் குறையுங்கள் என்றார். அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "நீங்க விட்டுட்டா எனக்குத் துணைக்கு யாருப்பா இருக்கா?" என்றேன். அதற்குத்தான் இறங்கி வந்தார்.

அன்றிலிருந்து பாலும் சீனியும் இல்லாத வெறும் டீ, தே ஓ கோசோங்தான். ஒவ்வொரு மடக்குக்கும் என் முகத்தைப் பார்ப்பார். நான் என்னுடையதைக் குடித்துக் காட்டுவேன். அவருடைய சர்க்கரை அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பிறகு ஒரு நாள் காலை, நான் போய்ச் சேருவதற்குள், அடுப்படி மேசையருகே அதே நாற்காலியில் சாய்ந்தபடி போய்விட்டார். இதயம் என்றார்கள். பல வருடமாக உள்ளே நடந்த சேதம், நீங்கள் செய்தது சரிதான் என்றார் டாக்டர். நம்பத்தான் செய்கிறேன். ஆனாலும் கடைசி மாதங்களில் அவர் ஆசைப்பட்டது ஒரு கிளாஸ் டின் பால் டீதான். கொடுத்திருக்கலாமோ, கொடுத்திருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பாரோ என்று மகளுக்குப் பால் கலக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

எட்டாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். ஆட்டுக்கறி, நெத்திலி சம்பால், அப்பாவின் அக்கா வாங்கி வந்த பீர். டீ என் பொறுப்பு. டின் பாலைத் திறந்துவிட்டேன். ஊற்றத்தான் கை வரவில்லை. கடைசியில் இரண்டு கிளாஸ் போட்டேன். ஒன்று டின் பாலோடு, ஒன்று கோசோங்.

"என்னாடி இது?" என்றார் அத்தை. "போன பின்னாலயுமா என் தம்பிக்கு சுகர் பாக்குற?"

"வைக்கட்டும் விடுங்க அண்ணி," என்றார் அம்மா. "எது வேணுமோ அத எடுத்துக்குவாரு."

அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். டின் பாலையே எடுங்கப்பா என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தபோது இரண்டும் வைத்தபடியே இருந்தன. டின் பால் டீயில் ஏடு படிந்திருந்தது. படையலைப் பிள்ளைகள்தான் முதலில் எடுக்க வேண்டும். அத்தை அந்தக் கிளாஸை என்னிடம் நீட்டினார். "குடிம்மா, உங்கப்பன் குடிச்ச மிச்சம்." இடுப்பிலிருந்த மகள் அதற்குக் கையை நீட்டினாள்.

நான் மற்றதை எடுத்துக்கொண்டேன். ஆறிப்போயிருந்தது. அடுப்படி மேசையில் உட்கார்ந்து குடித்து முடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் என் கண் தானாக எதிர் நாற்காலிக்குப் போனது.