கோப்ரா என்கிற வாமதேவனின் மரண அறிவித்தல்

வாமதேவனுக்கு வாய்த்த முகம் அவருடைய குணத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டா இடியப்பமா என்று யோசித்துக்கொண்டு நின்றாலும், எதிரே வருகிறவர் தன்னை வெட்டத்தான் இந்த மனுசன் நிற்கிறார் என்று நினைத்து மற்றப் பக்கம் மாறிப் போவார். வயது ஐம்பத்தெட்டு. வெம்பிளியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில், திகதி முடியப்போகிற பாணுக்கும் யோகட்டுக்கும் மஞ்சள் லேபிள் ஒட்டுகிற வேலை. இருபத்தாறு வருடமாக லண்டனில் கார் ஓட்டுகிறார், ஒரு பார்க்கிங் தண்டம்கூட வாங்கியதில்லை. இப்படிப்பட்டவரைத்தான் ஜதுர்ஷிகா லண்டன் பாதாள உலகத்தின் தலைவராக்கினாள்.

அவள் ஹரோவில் ரோசாச் செடி வைத்த வீட்டில், ஒரு கணக்காளருக்கும் பல் வைத்தியருக்கும் பிறந்து வளர்ந்தவள். தெருவை அவள் பார்த்ததெல்லாம் அப்பாவின் காருக்குள் இருந்துதான். இருந்தாலும் தெருவாழ்க்கையின் இரத்தத்தையும் அழுக்கையும் உள்ளபடி காட்டுகிற படம் ஒன்றைச் சொந்தமாக எடுத்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள். யோகட் எடுக்க வந்த இடத்தில் வாமதேவனின் முகத்தைக் கண்டு, நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க என்ர படத்தில நடிப்பீங்களா?"

"எனக்கு நடிக்க ஏலாது, பிள்ளை."

"நடிக்க வேண்டாம் அங்கிள். சும்மா நிண்டால் போதும்."

நின்றார். படத்தில் அவர் பெயர் கோப்ரா. அவருடைய வலது கையாகக் கோயம்புத்தூர்க்காரரான நவநீத், ஐடி வேலை செய்கிறவர். நான்கு மணிக்கு அவர் மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து ஏற்றிவர வேண்டும் என்பதால் கொலையெல்லாம் மூன்றரைக்குள் முடிந்தாக வேண்டும். வாளை மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் சுற்றியிருந்தார்கள்; தூறல் விழுந்தால் அது தலை தொங்கிவிடும். ஆள் கடத்துகிற காட்சியன்று, கார் நின்ற இடத்துக்குக் காசு கட்டவில்லை என்று கோப்ரா மிரட்டலைப் பாதியில் நிறுத்தினார். பார்க்கிங் கட்டுகிற ஆப் கடத்தப்பட்டவரின் போனில்தான் இருந்தது. அவருடைய கட்டை அவிழ்த்து, அவர் காசு கட்டி முடிய, திரும்பவும் கட்டினார்கள்.

வாமதேவனுக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. வாழ்க்கையில் அவருக்குப் பெரிய குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. லண்டனின் தெற்குப் பக்கம், சட்டனில் இருக்கிற அண்ணன் செல்வரத்தினத்தோடு பதினொரு வருடமாகப் பேச்சில்லை. காணி பூமிச் சண்டை ஒன்றுமில்லை. தகப்பன் செத்தபோது அண்ணன் கொடுத்த மரண அறிவித்தலில் மருமக்கள் வரிசையில் வாமதேவனின் மனைவி மரியமலரின் பெயர் இல்லை. அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். கலியாணம் நடந்த நாளிலிருந்து அண்ணனுக்கு அவள் "அந்தப் பெட்டை"தான். மரியமலர் அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் வாமதேவன் சமாளித்திருப்பார். சொல்லாமல் விட்டதுதான் அவரை அறுத்தது. அண்ணன் ஒரு நாள் அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுவரை தானாகப் போவதில்லை என்று இருந்துவிட்டார். ஆனால் அண்ணன் இல்லாமல் அவருக்கு ஒரு தீபாவளியும் தீபாவளியாக இருக்கவில்லை.

படத்தின் முடிவில் கோப்ரா சாக வேண்டும். தமிழ்க் கடைக் கதவுகளில் அவனுடைய மரண அறிவித்தல் ஒட்டியிருப்பதைக் கேமரா காட்ட வேண்டும். ஜதுர்ஷிகா போனில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்த வாசகத்தை வாமதேவனிடம் காட்டினாள். "கோப்ரா இறந்துவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்" என்றிருந்தது.

"மகிழ்ச்சியை விடு. ஊரைக் காணேல்லை. ஊர் இல்லாமல் ஆர் பிள்ளை சாகிறது?"

"ஒரு செக்கன்தான் வரும் அங்கிள். ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

தமிழ்ச் சனம் வேறு எதை வாசிக்காவிட்டாலும் மரண அறிவித்தலைக் கடைசி எழுத்துவரை வாசிக்கும் என்பது ஹரோவில் வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாமதேவனுக்குத் தெரியும். அதனால்தான் பிழையான அறிவித்தலில் சாக அவருக்கு மனம் வரவில்லை. பேனையை வாங்கினார். எந்தத் தாயும் பிள்ளைக்குக் கோப்ரா என்று பெயர் வைத்திருக்க மாட்டாள். கற்பனைப் பேர் ஒன்றை எழுதி, ஊர் பேர் தெரியாத யாரோ தாய் தகப்பனுக்குச் செத்த பிள்ளையைக் கொடுப்பதும் பாவம். ஆகவே தன்னுடையதையே எழுதினார். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டன் வெம்பிளியை வதிவிடமாகவும் கொண்ட செல்லையா வாமதேவன் (கோப்ரா) அவர்கள். மரியமலரின் பாசமிகு கணவரும். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, செல்வரத்தினத்தின் அன்புச் சகோதரரும் ஆவார் என்று எழுதினார். அது இல்லாவிட்டால் அறிவித்தல் நொண்டுகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தொடர்புக்கு ஜதுர்ஷிகாவின் நம்பர். அவளோ படம்பிடிக்கிற நாளில் போனைத் திறப்பதே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒட்டினார்கள். பத்து மணிக்கு வாமதேவன் பஸ் தரிப்பிடத்தில் சுடப்பட்டு விழுந்தார். ஆறு தரம் விழுந்தது வீணாய்ப் போனது, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் செத்துக் கிடந்தபடியே, அவரைச் சுற்றிப் போகிறவர்களிடம் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். ஏழாம் தரம் ஒழுங்காகச் செத்தார். அந்த நேரத்துக்குள் கடைக் கதவைப் படம் பிடித்த யாரோ ஒரு புண்ணியவான் அதை வாட்ஸப்பில் போட, அது டொரோண்டோவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒரு மணிக்கு மரியமலரின் அழைப்பு வந்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"இப்பத்தான் செத்து முடிஞ்சுது. ஏன்?"

"வீட்டை வாங்கோ. சனம் இடியப்பத்தோடை வருகுது. உயிரோடைதான் இருக்கிறியள் எண்டு சொன்னால் ஒருத்தரும் நம்பினமில்லை. அதிர்ச்சியிலை எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சாம். கோயில் தலைவர் ஒரு மூலையிலை இருந்து, கோப்ரா எண்டொரு பேர் இருந்தது தனக்குத் தெரியாமல் போச்சே எண்டு அழுகிறார்."

மார்பில் மூன்று குண்டுத் துளை. சட்டை முழுக்கச் சிவப்பு. அந்தக் கோலத்தில் முன்வாசலால் போனால் யாருக்காவது நெஞ்சு அடைத்துவிடும் என்று பின்வளவால் சமையலறைக்குள் நுழைந்தார். ஏழு சட்டி சொதி இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஹோலுக்குப் போகலாம் என்று தண்ணீரைத் திறக்கப் போனவர், முன்கதவு திறபடும் சத்தத்தையும் அதன்பின் வந்த இருமலையும் கேட்டுக் கையை எடுத்தார். பதினொரு வருடம் என்ன, நூறு வருடம் போனாலும் அந்த இருமல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். சட்டனிலிருந்து மூன்று ரயில் மாறி அண்ணன் வந்திருந்தார்.

"அத்தான், முதல் இருங்கோ. நான் ஒண்டு சொல்லவேணும்" என்றாள் மரியமலர்.

"நீ ஒண்டும் சொல்லாதை, பிள்ளை. நான் சொல்லுறன்." செல்வரத்தினம் இருக்கவில்லை. "நோட்டீசைப் பாத்தன். நீ என்ரை பேரைப் போட்டிருக்கிறாய். நான் உன்ரை பேரைப் போடேல்லை."

"அத்தான், அவர்..."

"அவன் இருக்கேக்கை வந்து இதைச் சொல்லியிருக்கவேணும். எனக்குத் தெரியும். பஸ்ஸிலை ஏறி ஏறி இறங்கினனான். வெக்கமாய்க் கிடந்துது." அவர் அழத் தொடங்கினார். கோயில் தலைவரும் சேர்ந்து அழுதார்.

சமையலறையில் வாமதேவன் சொதிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடம் கேட்கக் காத்திருந்தது காதில் விழுந்துவிட்டது. வெளியே போனால் இந்த மனுசன் வெட்கத்தில் அள்ளுப்பட்டுப் போய்விடுவார், பிறகு உண்மையாகச் செத்தாலும் வரமாட்டார். போகாமல் இருந்தால் அண்ணன் அழுதுகொண்டே இருப்பார். அந்த அழுகையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

கோயில் தலைவர் முருகா என்று நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். செல்வரத்தினம் தம்பியின் முகத்தைப் பார்த்தார், மூன்று துளைகளையும் பார்த்தார், கிட்ட வந்து சிவப்பைத் தொட்டு மணந்தார்.

"என்னடா இது?"

"கலர், அண்ணை. சீனிப்பாணி கலந்தது. படத்திலை என்னைச் சுட்டுப்போட்டாங்கள்."

"படமோ?"

"ஓம். நான் அதிலை ஒரு ரவுடி."

செல்வரத்தினத்தின் முகம் கறுத்துச் சிவந்தது. மரியமலர் கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். கோப்பையை வைத்தார். சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டார். ஒருவரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார்.

வாமதேவன் வாசலுக்கு ஓடினார், மரியமலர் பின்னால் வந்தாள். சிவப்புச் சட்டையோடு ரோட்டில் இறங்க முடியாமல் படியிலேயே நின்றார். கேற்றடியில் அண்ணன் நின்றார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நடந்து வாசல்வரை வந்தார்.

"செத்த வீட்டிலை சொல்லிப்போட்டுப் போறேல்லை. அந்த நினைப்பிலை இறங்கீட்டன்" என்றார். தம்பியைப் பார்க்கவில்லை. தம்பிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"போட்டு வாறன், மரியமலர்."